அளந்த நிலமும் வகுத்த எல்லையும்



ஒரு நாட்டின் படத்தைச் சுவரில் மாட்டி அதன்முன் நின்று பார்த்தால் இருவகைக் கோடுகள் நம் கண்ணிற்படும். கடற்கரை, ஆறு, மலைத்தொடர் ஆகியவற்றைக் காட்டும் கோடுகள் ஒரு வகை. மாநிலம், மாவட்டம், வட்டம் ஆகியவற்றைப் பிரிக்கும் கோடுகள் மற்றொரு வகை. முதல் வகையை இயற்கை அமைத்தது. மனிதன் அதனை அளந்து கண்டறிந்தான். இரண்டாம் வகையை மனிதனே வகுத்தான். அச்சிட்ட படத்தில் இரண்டும் அருகருகே கிடப்பதால் இரண்டும் ஒரே தன்மையுடையன என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அளத்தல் வேறு, வகுத்தல் வேறு. இவ்விரண்டும் நம் துணைக்கண்டத்தில் எவ்வாறு வளர்ந்தன என்பதையும், நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள சேரங்கோட்டில் அவை எவ்வாறு வந்து சந்தித்தன என்பதையும் இன்று காண்போம்.

பழங்காலத் தமிழர்க்கு நாட்டின் எல்லை என்பது ஓர் இடமாகவே இருந்தது. தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கட மலையையும் தெற்கே குமரியையும் எல்லைகளாகத் தொல்காப்பியத்தின் பாயிரம் குறிக்கின்றது. வேங்கட மலையின் எந்தப் பாறையோடு தமிழ் நிலம் முடிகின்றது என்று எவரும் வினவியதில்லை. வினவ வேண்டிய தேவையும் அன்று இல்லை. ஆனால் விளைநிலம் என்று வரும்போது நம் முன்னோர் மிக நுட்பமாக நடந்துகொண்டனர். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் வேலியாகவும், மாவாகவும், காணியாகவும், அதனினும் நுண்ணிய பின்னங்களாகவும் கணக்கிடப்பட்டிருப்பதைக் காணலாம். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்த செய்தியைக் கூறும் சோழர் செப்பேடு, எல்லை வகுத்த முறையையும் கூறுகின்றது. அதிகாரிகளும் நாட்டாரும் உடன் செல்ல, ஒரு பெண்யானையை ஊரைச் சுற்றி நடத்தினார்கள். யானை சென்ற வழியில் கல் நட்டுக் கள்ளிச் செடியும் வைத்தார்கள். பலர் கண்முன்னே வகுக்கப்பட்ட எல்லை அது. பின்னர் எவரேனும் வழக்கிட்டால் கல் சான்று கூறும். கல் பெயர்க்கப்பட்டால் கள்ளி சான்று கூறும். அதுவும் அழிந்தால் உடன் நடந்த மக்கள் சான்று கூறுவர்.

ஊரை அளக்க இவ்வளவு வழிகள் இருந்தும், ஒரு கண்டத்தை முழுமையாக அளக்கும் வழி நெடுங்காலம் உலகில் எவர்க்கும் கைவரவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி என்னும் அறிஞர், நம் கடற்கரைத் துறைமுகங்கள் பலவற்றைத் தம் பூகோள நூலில் குறித்துள்ளார். ஆயினும் அவர் தந்த குறிப்புகளைக் கொண்டு வரைந்த படத்தில் இந்தியத் தீபகற்பம் நசுங்கிப்போய்க் காணப்படும். இலங்கையோ உண்மையினும் பன்மடங்கு பெரிதாக விரிந்து கிடக்கும். மாலுமிகள் கூறிய பயண நாட்களைத் தொலைவாக மாற்றிக் கணக்கிட்டதனால் நேர்ந்த விளைவு இது. அக்காலத்துக்குப் பின் ஆயிரத்தறுநூறு ஆண்டுகள் கழிந்தும் நிலைமை முற்றும் மாறிவிடவில்லை. 1767இல் வங்காளத்தின் நில அளவைத் தலைவராக அமர்த்தப்பட்ட சேம்சு ரென்னல், 1782இல் இந்துஸ்தானத்தின் படமொன்றை வெளியிட்டார். அரிய முயற்சிதான். ஆனால் படைகள் நடந்த வழிகளில் உருட்டிச் சென்ற சக்கரத்தின் கணக்கும், ஆங்காங்கே விண்மீன்களை நோக்கிக் குறித்த குறிப்புகளுமே அப்படத்திற்குப் பெரிதும் ஆதாரம். வழி வளைந்தால் கணக்கும் வளையும் அல்லவா?

இக்குறையைத் தீர்க்கும் பணி நம் சென்னையில் தொடங்கியது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் எழுந்தது. இந்திய நில அளவைகளுக்கெல்லாம் அதன் தீர்க்கரேகையே பிற்காலத்தில் அடிப்படை ஆயிற்று. 1794இல் நில அளவை கற்பிக்கும் பள்ளியொன்று சென்னையில் நிறுவப்பட்டது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரி ஆயிற்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்னும் இராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறைக்குக் குறையாமல் அடுத்தடுத்து வைத்து அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும், நிழலில் சுருங்கும். ஆதலின் சங்கிலியை மரத்தொட்டிகளில் தாங்கிப் பிடித்து, வெப்பமானியை அருகில் வைத்து, வெப்பத்தால் நேரும் மயிரிழை வேறுபாட்டையும் கணக்கிற் சேர்த்தார்கள்.

அடிக்கோடு ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரியுமானால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கினாலேயே அறியலாம் என்பது உங்கள் வகுப்புப் பாடம். அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றின் உச்சியை நோக்கிக் கோணம் எடுத்தால் ஒரு முக்கோணம் முடியும். அதன் பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இவ்வாறு மலையுச்சிக்கு மலையுச்சி தாவிச் செல்வதே பெரிய முக்கோண அளவை. கோணம் எடுக்க லாம்ப்டன் தருவித்த தியோடலைட்டுக் கருவி அரை டன் எடையுள்ளது. அதனைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். கருவியின் பயனை உணர்ந்தபின் அதனைச் சென்னைக்கே அனுப்பிவைத்தனர். பகைமைக்கிடையிலும் கல்விக்குக் கிடைத்த மதிப்பு இது!

கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை முக்கோணங்கள் சென்று முடிந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே சுமார் 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. அளவையோ சுமார் 360 மைல்தான் என்றது. ஒருபிடி மண்ணையும் எவரும் கவரவில்லை. ஆயினும் படத்திலிருந்து நாற்பது மைல் அகலமுள்ள நிலம் மறைந்துவிட்டது! 1808இல் தஞ்சைச் சமவெளியில் உயர்ந்த குன்று இல்லாமையால் பெரிய கோயிலின் மேல் கருவியை ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் மனம் தளராமல் பல வாரங்கள் இருந்து அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார். நிலத்தை நுணுக்கமாக அளப்பித்த இராசராசன் எழுப்பிய கோயிலில் இது நிகழ்ந்தது.

லாம்ப்டன் 1823இல் மத்திய இந்தியாவின் இங்கன்காட்டில், பணியின் இடையிலேயே உயிர் நீத்தார். அவருக்குப்பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், குமரிமுனை தொடங்கி இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்ட வில்லை நிறைவு செய்தார். இம்முக்கோணங்களின் துணைகொண்டே, வங்காளத்துக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார், பதினைந்தாம் எண்ணால் குறிக்கப்பட்ட சிகரம் உலகிலேயே உயர்ந்தது என்பதை 1852இல் கணித்தார். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. 2020இல் நேபாளமும் சீனமும் சேர்ந்து வெளியிட்ட அளவு 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது மீட்டர்தான். எவரெஸ்ட் சிகரத்தின் பெயரை அறிந்த நாம், கொடி பிடித்துக் குன்றேறியவர்களையும், காட்டுக் காய்ச்சலில் மடிந்தவர்களையும், இரவு விளக்கின்கீழ் எண்களைப் பெருக்கிக் கொண்டிருந்தவர்களையும் பெயரால் அறியோம்.

அளவையின் கதை இது. இனி எல்லையின் கதைக்கு வருவோம். நீலகிரி உச்சிக்கு 1812இல் வில்லியம் கீசு என்னும் நில அளவையர் கோயம்புத்தூர்க் கலெக்டரின் ஆணையால் ஏறிச்சென்று அறிக்கை எழுதினார். 1819இல் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் கேப்டன் வார்டு மலையை அளந்து படம் வரைந்தார். தொட்டபெட்டா அன்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கின்றது. ஆனால் அம்மலை எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதற்கான விடை மாறிக்கொண்டே வந்தது. 1830இல் பீடபூமியின் மேற்குப் பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபாருடன் சேர்த்தனர். 1843இல் குந்தா நீங்கலாக அதனை மீண்டும் கோயம்புத்தூருக்கே மாற்றினர். குந்தா 1860இல் திரும்பியது. 1868இல் நீலகிரி தனி ஆணையாளரின்கீழ் வைக்கப்பட்டது. 1873இல் ஆக்டர்லோனிப் பள்ளத்தாக்கு அதனுடன் சேர்ந்தது. 1877இல், மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாகிய மூன்று அம்சங்கள் நீலகிரிக்கு வந்தன. அம்சம் என்பது மலபாரில் ஓர் அதிகாரியின் பொறுப்பிலிருந்த வருவாய்ப் பிரிவு. அம்மூன்றின் பெயர்கள் நம்பாலக்கோடு, முன்னநாடு, சேரங்கோடு.

இந்த மாற்றத்திற்கு நிர்வாக வசதியே காரணமாக இருந்தது. காப்பித் தோட்டங்கள் பெருகியிருந்த காலம் அது. மலபாரின் தலைநகராகிய கோழிக்கோடோ மலையிறங்கிச் சென்றடைய வேண்டிய கடற்கரைப் பட்டினம். உதகையோ மேலே அண்மையிலிருந்தது. மூன்று அம்சங்களின் கணக்குகள் ஒரு கச்சேரியிலிருந்து மற்றொரு கச்சேரிக்குச் சென்றன. இரு கச்சேரிகளும் சென்னைக் கோட்டையிலிருந்த ஒரே அரசாங்கத்திற்கு உட்பட்டவை. ஆதலின் அன்று சேரங்கோட்டில் வாழ்ந்த உழவனுக்கு, வரி செலுத்தும் இடம் மாறியது என்பதற்குமேல் பெரிய மாறுதல் தோன்றியிராது.

கோடு மாறியது; எவையெவை மாறவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். முதலாவது, தண்ணீர். கூடலூர்ப் பகுதியில் பிறக்கும் பாண்டியாறும் புன்னப்புழையும் மேற்கே இறங்கி, நிலம்பூர் வழியாகச் சாலியாற்றில் கலந்து அரபிக் கடலை அடைகின்றன. மாவட்டம் மாறிற்று என்பதற்காக ஆறுகள் கிழக்கே திரும்பவில்லை. இரண்டாவது, மக்கள். பணியர், குறும்பர், காட்டுநாயக்கர், வயநாட்டுச் செட்டியார் ஆகியோரின் குடிகள் கோட்டின் இருபுறத்தும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. தமிழும் மலையாளமும் கன்னடமும் சந்தைகளில் கலந்து ஒலிக்கின்றன. மூன்றாவது, நில உரிமை. மலபாரில் வழங்கிய ஜன்மம் என்னும் முறைப்படி, நிலம்பூர்க் கோவிலகத்தார் இப்பகுதியின் பெருநிலங்களுக்கு ஜன்மிகளாக இருந்தனர். மாவட்டம் மாறியும் அவ்வுரிமை மாறவில்லை. நீலகிரிப் படத்திற்குள் மலபார் நிலமுறை ஒன்று குடியிருந்தது என்றே சொல்லலாம். அதனை ஒழித்து இரயத்துவாரி முறையாக மாற்றும் சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது. வகுத்த கோட்டிற்கும் அந்தச் சட்டத்திற்கும் இடையே 92 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இந்தியா விடுதலை பெற்றபின், மொழிவழியாக மாநிலங்களை அமைக்கும் காலம் வந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் முதல் நாளில் மலபார் மாவட்டம் கேரளத்துடன் சேர்ந்தது. கொள்ளேகால் வட்டம் மைசூருக்குச் சென்றது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்திற்கு வந்தன. மலபார் முழு மாவட்டமாகக் கணக்கிடப்பட்டது. ஆதலின் வயநாட்டின் பெரும்பகுதி அதனோடு கேரளம் சென்றது. கூடலூரும் சேரங்கோடும் 1877 முதல் நீலகிரியைச் சேர்ந்தவை. ஆதலின் அவை சென்னை மாநிலத்திலேயே நின்றன. ஒரே அரசாங்கம், தன் அலுவலர்களின் வசதிக்காக, தன் வீட்டிற்குள் எழுப்பிய தடுப்புச் சுவர், 79 ஆண்டுகள் கழித்து இரண்டு வீடுகளுக்கு நடுவேயுள்ள மதிற்சுவர் ஆகிவிட்டது. அதற்கு இப்பால் ஒரு பாடநூல், அப்பால் மற்றொன்று. இப்பால் ஒரு சட்டமன்றம், அப்பால் மற்றொன்று.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விந்தை அன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தின் படத்தைப் பாருங்கள். 1884, 1885ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லினில் கூடி, அக்கண்டத்தில் உரிமை கொள்வதற்கான விதிகளைப் பேசி முடித்தன. அங்கே ஓர் ஆப்பிரிக்கரும் இடம் பெறவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் மேல் வோல்ட்டா என்று ஒரு பகுதி இருந்தது. 1932இல் பிரெஞ்சு அரசு அதனைக் கலைத்து, அண்டையிலிருந்த மூன்று பகுதிகளுக்குப் பங்கிட்டது. 1947இல் மீண்டும் அதனைப் பழைய எல்லைகளோடு உண்டாக்கியது. 1960இல் அது சுதந்திர நாடாயிற்று. 1984இல் பர்க்கினா பாசோ எனப் பெயர் பூண்டது. உள்நாட்டுப் பிரிவுக் கோடு, இரு நாடுகளின் எல்லைக் கோடாயிற்று. அக்கோடு எங்கே செல்கின்றது என்பதில் மாலி நாட்டுடன் பூசல் விளைந்து, 1985 டிசம்பரில் போர் மூண்டு உயிர்கள் மாண்டன. 1986இல் உலக நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது, பிரெஞ்சு அதிகாரிகளின் பழைய ஆணைகளையும் படங்களையும் தேடி ஆராய வேண்டியிருந்தது. படம் தன்னளவில் நிலத்திற்கு உரிமைப் பத்திரம் ஆகாது; அது ஒரு சான்று மட்டுமே என்று அந்நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. மாணவர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய கருத்து இது.

நம் நாட்டிலும் 1947இல் சர் சிரில் ராட்கிளிஃப் ஐந்தே வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கும் கோடுகளை வகுத்தார். அவர் அதற்குமுன் இந்தியாவிற்கு வந்தவரே அல்லர். லாம்ப்டனும் அவர்பின் வந்தோரும் இந்நாட்டை அளக்கப் பல பத்தாண்டுகள் உழைத்தனர். அதனைப் பகுக்க ஐந்து வாரங்கள் போதும் என்று கருதிவிட்டார்கள்! அவ்வவசரத்தின் விலையை இலட்சக்கணக்கான மக்கள் செலுத்தினர்.

சேரங்கோட்டில் இன்னோர் எல்லையின் சுவடும் காணப்படும். அது கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் சென்றனர். சென்ற நாளில் இரு கரைகளும் ஒரே முடியின்கீழ் இருந்தன. இரு நாடுகளும் விடுதலை பெற்றபின் நடுவே குடியுரிமை என்னும் கோடு எழுந்தது. 1948இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் வேறோர் உடன்படிக்கையால் தீர்ந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. சேரங்கோடும் அவ்விடங்களுள் ஒன்று. தாயகம் திரும்பியோர் என்று அரசுத் தாள்கள் அவர்களைக் குறித்தன. அவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்து, இந்திய மண்ணை அன்றுதான் முதன்முதலாகக் கண்டவர்கள். அம்மக்கள் தங்கள் இடத்தை மாற்றிக்கொள்ள விரும்பியதில்லை. அவர்கள் நின்ற இடத்தின் பெயரைத்தான் பிறர் மாற்றினார்கள்.

ஒருகால் பயன்பட்ட கோடு பின்னர் இடர் தருவதும் உண்டு. அவ்விடரிலிருந்து பொதுநன்மை பிறப்பதும் உண்டு. கூடலூர்ப் பகுதியில் காட்டு மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்க வேண்டுமென்று, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் வந்த ஆணை, உரிமையாளர் யாராயினும் காடு காடே எனக் கொண்டு, இந்தியா முழுவதற்கும் வனப் பாதுகாப்பை விரிவாக்கியது. அதற்குமுன்பே, 1986இல், தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் நிறுவப்பட்டது. முதுமலை, வயநாடு, பந்திப்பூர் என்பன ஒரே காட்டிற்கு மூன்று அரசுகள் இட்ட பெயர்கள் என்பதை அவ்வேற்பாடு ஒப்புக்கொண்டது.

ஆகவே எல்லைகளே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. எல்லை இல்லாவிடில் பட்டா இல்லை, பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பு இன்னாருடையது என்பதில்லை, வாக்குரிமையும் இல்லை. எளியவன் தன் நிலத்தைக் காத்துக்கொள்வதற்கு எல்லைக்கல்லே துணை. எல்லையின் தோற்றத்தை அறியாமல் அதனைப் படைப்புக் காலந்தொட்டு இருப்பதாக எண்ணுவதே தவறு. அத்தகைய எண்ணத்திலிருந்துதான் அண்டை வீட்டாரை அயலாராகக் காணும் மனம் பிறக்கின்றது.

பூகோளப் பாடம் கற்பித்த ஆண்டுகளில் என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி அளிப்பது என் வழக்கம். அதனை உங்களுக்கும் கூறுகிறேன். படத்தில் ஏதேனும் ஓர் எல்லைக் கோட்டின்மேல் விரலை வையுங்கள். அதனை வகுத்தவர் யார், வகுத்த ஆண்டு யாது, எதன் பொருட்டு வகுத்தனர் என மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை காணப் பழைய மாவட்டக் குறிப்பேடுகளைப் புரட்டுங்கள். உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைக் கேட்டுப் பாருங்கள். வயல் மூலையில் நிற்கும் சர்வே கல்லின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கல்லுக்கு அப்பால் வாழ்கின்ற முதியவரிடமும் சென்று பேசுங்கள். அவர் கூறுவதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

உங்களுள் சிலர் நாளை நில அளவையாளர் ஆகலாம், சிலர் வட்டாட்சியராகலாம், சிலர் சட்டமன்றத்திலும் அமரலாம். அளக்கும் பொறுப்பு வாய்த்தால், பரங்கிமலையில் ஒரு சங்கிலியின் வெப்பத்தையும் கணக்கிட்ட நேர்மை உங்களிடம் இருக்கட்டும். வகுக்கும் பொறுப்பு வாய்த்தால், கோடு போடும் கையை ஒரு கணம் நிறுத்தி, அந்தக் கோட்டின்மேல் குடியிருப்பவர் யார் என்று கேட்டு, அவர்களையும் அழைத்து உடன் நடத்திச் செல்லுங்கள்.